வண்டிக்கும் நல்ல தண்ணீர் வேண்டும்

"ஆயில் பார்த்தாச்சா? தண்ணி பார்த்தாச்சா?"

காலையில் லாரி ஸ்டாண்டு பக்கம் போனால் இந்தக் கேள்வி காதில் விழும். ஆயில் விஷயத்தில் எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். எந்த ஆயில், எந்த நம்பர் என்று கேட்டு வாங்குகிறார்கள். தண்ணீர் என்று வந்தால் மட்டும் அந்தக் கவனம் இருப்பதில்லை. பக்கத்தில் எந்தக் குழாய் இருக்கிறதோ, அதுதான் தண்ணீர். ஒரு வாளி பிடி. ரேடியேட்டரில் ஊற்று. கிளம்பு.

என் அக்கா வீட்டுக்காரரும் அப்படித்தான் செய்தார். அவருக்கு ராசிபுரம் பக்கம் ஊர். சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்திருக்கிறார். கடனில் வாங்கிய லாரி. ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். அங்கே கிடைக்கிற லோடை ஏற்றிக்கொண்டு திரும்பி வருவார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் அம்மிணி.

ஒரு சித்திரை மாதம். சேலம் தாண்டி, தொப்பூர் மலைச் சாலையில் ஏறிக்கொண்டிருந்தார். உச்சி வெயில். முழு லோடு. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. வண்டியை ஓரம் கட்டினார். என்ஜினை நிறுத்தினார். உடனே போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார்.

கொதிக்கும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை வெந்துவிட்டது. கூட வந்த பையன் பயந்து போனான். என்ஜின் சூடு தணியட்டும் என்று ஒரு வாளி பச்சைத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினான். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். ஹெட் வெடித்துவிட்டது.

பதினோரு நாள் வண்டி பட்டறையில் கிடந்தது. அக்காவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

பட்டறையில் மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் குழாய்களில் பாதி அடைத்திருந்தது. வெள்ளை வெள்ளையாகக் காறை. நம் வீட்டில் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படிகிறதே, அதே காறை. மூன்று வருடமாக வழியில் கிடைத்த போர் தண்ணீரை எல்லாம் ஊற்றியதன் கூலி அது.

தண்ணீர் உள்ளே என்ன செய்கிறது?

டீசல் எரியும்போது வருகிற சக்தியில் பாதிக்கும் குறைவுதான் வண்டியை இழுக்கிறது. மீதி எல்லாம் சூடாகவே போகிறது. கொஞ்சம் புகையோடு வெளியே போகும். கொஞ்சம் என்ஜினின் இரும்பில் ஏறும். இந்தச் சூட்டை எடுக்காமல் விட்டால் பிஸ்டன் இறுகி என்ஜின் நின்றுவிடும்.

அந்தச் சூட்டை எடுப்பதுதான் தண்ணீரின் வேலை. வாட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீர் என்ஜினைச் சுற்றிப் போய்ச் சூட்டை வாங்குகிறது. பிறகு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே ஃபேன் காற்று பட்டு ஆறுகிறது. மறுபடியும் உள்ளே போகிறது. நாள் முழுவதும் இதே சுற்றுத்தான்.

போர் தண்ணீரில் சுண்ணாம்பும் மற்ற உப்புகளும் கரைந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. சூடு பட்டதும் அவை பிரிந்து இரும்பின் மேல் படியும். மேஸ்திரிகளுக்கு நூல் கணக்கு தெரியும். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். வெறும் அரை நூல் கனத்துக்குக் காறை படிந்தால் போதும். சூடு வெளியே வருவதற்கு மூன்று அங்குல இரும்பைக் குறுக்கே வைத்ததற்குச் சமம். தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் சூடு அதற்குப் போய்ச் சேராது.

"நாம குடிக்கிற தண்ணிதானே அம்மிணி! மனுசனுக்கு ஆகிறது இரும்புக்கு ஆகாதா?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். குடிக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் நமக்குக் கெடுதல் இல்லை. நம் உடம்பு அதை வெளியேற்றிவிடும். என்ஜினுக்குள் போன உப்புக்கு வெளியே போக வழி இல்லை. தண்ணீர் ஆவியாகப் போய்விடும். உப்பு தங்கிவிடும். நாம் மேலே மேலே ஊற்றுகிறோம். உப்பும் மேலே மேலே சேர்கிறது.

எந்தத் தண்ணீர் நல்லது?

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் நல்லது. அதில் உப்பு கிடையாது. பேட்டரி கடையில், பெட்ரோல் பங்கில் கேனில் கிடைக்கும். ஆனால் பேட்டரி ஆசிட் வேறு, டிஸ்டில்டு வாட்டர் வேறு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கும். கேனைப் படித்துப் பார்த்து எடுங்கள்.

அது கிடைக்காத இடத்தில் ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை. சுத்தமான பாத்திரத்தில் பிடித்த மழைத் தண்ணீரும் பரவாயில்லை. மழை தொடங்கிக் கொஞ்ச நேரம் கூரை கழுவிப் போகட்டும். அதற்குப் பிறகு பிடியுங்கள். வடிகட்டி ஊற்றுங்கள்.

ஆர்.ஓ. மெஷினில் இரண்டு குழாய் உண்டு. ஒன்றில் நல்ல தண்ணீர் வரும். இன்னொன்றில் கழிவுத் தண்ணீர் வரும். 'வீணாகப் போகிறதே' என்று அந்தக் கழிவுத் தண்ணீரைப் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போரில் வருகிற தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். அதை வண்டி கழுவக்கூட நான் சொல்ல மாட்டேன்.

தண்ணீர் உப்பா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் எடுங்கள். குளிக்கிற சோப்பைக் கொஞ்சம் சுரண்டிப் போடுங்கள். மூடிக் குலுக்குங்கள். நுரை பொங்கி வந்தால் மென்மையான தண்ணீர். நுரை வராமல் தயிர் திரிந்தது போல வந்தால் அது வேண்டாம். துணி சோப்புத்தூள், ஷாம்பு போட்டுப் பார்த்தால் சரியாகத் தெரியாது.

ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பல ஊர்களில் நிலத்தடித் தண்ணீர் நாக்கில் வைக்க முடியாத உப்பு. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஊரில் இருந்தே ஒரு கேன் நல்ல தண்ணீர் கொண்டு போவது நல்லது. ஆளுக்கு ஒரு கேன், வண்டிக்கு ஒரு கேன்.

நல்ல தண்ணீர் மட்டும் போதாதா?

போதாது. வெறும் தண்ணீர், அது எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், இரும்பைத் துரு பிடிக்க வைக்கும். அதனால்தான் கூலன்ட் சேர்க்கிறோம். கூலன்டில் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம் இருக்கிறது. துருவைத் தடுக்கும் மருந்துகளும் இருக்கின்றன. கிளைக்கால் சேர்ந்த தண்ணீர் சீக்கிரம் கொதிக்காது. குளிரில் சீக்கிரம் உறையவும் செய்யாது.

டீசல் என்ஜினுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பல லாரி என்ஜின்களில் பிஸ்டன் ஓடும் லைனரின் வெளிப்பக்கம் நேராகத் தண்ணீரில் நிற்கும். டீசல் வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் லைனர் அதிர்கிறது. அந்த அதிர்வில் தண்ணீரில் பொடிப் பொடிக் குமிழிகள் உண்டாகி வெடிக்கின்றன. ஒரு குமிழிக்கு என்ன பலம் என்று நினைப்போம். லட்சம் தடவை, கோடித் தடவை ஒரே இடத்தில் வெடித்தால்? கரையான் அரித்த மரம் போல லைனரில் பொடி ஓட்டைகள் விழுகின்றன. கடைசியில் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கிவிடும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் பால் விட்ட டீ போல இருக்கும். அப்படி இருந்தால் என்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது.

கனரக டீசல் என்ஜினுக்கு என்று செய்த கூலன்டில் இதைத் தடுக்கும் மருந்தும் இருக்கும். கார் கூலன்டில் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. விலை குறைவு என்று கார் கூலன்டை லாரிக்கு ஊற்ற வேண்டாம்.

நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது

பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பல நிறத்தில் கூலன்ட் வருகிறது. நிறம் என்பது வெறும் சாயம். ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொரு கம்பெனியின் பச்சையும் ஒன்றாக இருக்க வேண்டியது இல்லை. உள்ளே இருக்கும் மருந்து வேறு வேறாக இருக்கலாம். சில மருந்துகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் வலு இழந்துவிடும். சில சேர்க்கையில் கூழ் போலத் திரண்டு குழாயை அடைக்கும். உள்ளே எது இருக்கிறது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் வடித்து, நல்ல தண்ணீரால் அலசிவிட்டுப் புதிதாக ஊற்றுவதுதான் வழி.

உங்கள் வண்டிக்கு எந்த வகை கூலன்ட் வேண்டும் என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கும். எத்தனை லிட்டர் பிடிக்கும், எப்போது மாற்ற வேண்டும் என்றும் அதிலேயே இருக்கும். சில கூலன்ட் இரண்டு வருடம் வரும். சில அதைவிட அதிக காலம் வரும். மாமா வண்டியின் புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சீட்டுக்கு அடியில் இருந்தது. ஹெட் வெடித்த பிறகுதான் நாங்கள் அதைப் பிரித்தோம்.

காசிகுண்டில் ஓர் இரவு

தொப்பூரில் பட்ட பிறகு மாமா கூலன்ட் வாங்கி ஊற்றினார். கடைக்காரரிடம் கேட்கவில்லை. கேனில் எழுதியிருந்ததைப் படிக்க அப்போது அவருக்குத் தெரியாது. 'கூலன்ட் பாதி, தண்ணீர் பாதி' என்று யாரோ சொன்னதை வைத்துப் பாதிக்குப் பாதி கலந்தார்.

அந்த டிசம்பரில் டெல்லிக்கு லோடு கொண்டு போனார். அங்கிருந்து ஜம்மு வழியாகக் காஷ்மீருக்கு இன்னொரு லோடு. திரும்பும்போது ஆப்பிள் ஏற்றி வரலாம் என்று நினைத்தார். சாலை அடைத்திருந்ததால் காசிகுண்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்தாறு டிகிரி இறங்கிவிட்டது.

பக்கத்து லாரியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. தண்ணீர் உறைந்தால் அதிக இடம் கேட்கும். 100 லிட்டர் தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 109 லிட்டர் இடம் வேண்டும். என்ஜின் பிளாக் வார்ப்பிரும்பு. அது வளைந்து கொடுக்காது. விடிந்து பார்த்தால் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு. அந்த டிரைவர் எந்த ஊர்க்காரர் என்று மாமாவுக்குத் தெரியாது. பாஷை புரியவில்லை. பிளவைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

மாமா வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. 'நம்ம கூலன்ட் நல்ல கூலன்ட்' என்று சந்தோஷமாக வந்தார். வீட்டில் காலிக் கேன் கிடந்தது. நான் எடுத்துப் படித்தேன். 'ரெடி டு யூஸ்' என்று போட்டிருந்தது.

கூலன்ட் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று 'கான்சன்ட்ரேட்'. அது கெட்டி. தண்ணீர் சேர்த்துத்தான் ஊற்ற வேண்டும். இன்னொன்று 'ரெடி டு யூஸ்' அல்லது 'பிரீமிக்ஸ்'. அதில் கம்பெனியிலேயே தண்ணீர் கலந்துவிட்டார்கள். அப்படியே ஊற்ற வேண்டும். மாமா ஏற்கெனவே பாதி தண்ணீராக இருந்ததில் இன்னும் பாதி தண்ணீர் கலந்திருக்கிறார். கூலன்ட் கால் பங்குதான் இருந்தது.

பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். கால் பங்கு இருந்தால் மைனஸ் 12 டிகிரி அளவில் உறையத் தொடங்கும். காசிகுண்டில் தப்பினார். அந்தக் குளிர்காலத்தில் இன்னும் மேலே, திராஸ் பக்கம் ஓர் இரவு நின்றிருந்தால் தப்பியிருக்க மாட்டார். அங்கே குளிர்காலத்தில் மைனஸ் 20 எல்லாம் வரும்.

"சரி, அப்போ தண்ணியே கலக்காம முழுசா கூலன்ட் ஊத்திட்டா?" என்றார் மாமா. அதுவும் தப்பு. தண்ணீர் அளவுக்குக் கூலன்ட் சூட்டைச் சுமக்காது. தனிக் கெட்டிக் கூலன்ட் மைனஸ் 13 டிகிரி அளவிலேயே உறையவும் ஆரம்பித்துவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். நம் ஊர் வெயிலிலேயே ஓடும் வண்டிக்குக் கூலன்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சில கம்பெனிகள் சொல்கின்றன. மிகவும் குறைத்தால் துரு மருந்து பற்றாது. வட நாட்டுக்குப் போகும் வண்டிக்குப் பாதிக்குப் பாதியே நல்லது.

கலப்பதை வெளியே வாளியில் கலந்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். அளவு குறைந்தால் அதே கலவையைத்தான் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால் ஆறு மாதத்தில் உள்ளே கூலன்ட் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. அடிக்கடி அளவு குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஹோஸ், கிளிப், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் பாருங்கள்.

வழியில் அவசரம் என்றால் என்ன செய்வது? நல்ல தண்ணீர் இல்லாவிட்டால் கிடைத்த தண்ணீரை ஊற்றி வண்டியைப் பட்டறை வரை கொண்டு போங்கள். தண்ணீரே இல்லாமல் ஓட்டுவதைவிட அது மேல். ஊர் வந்ததும் வடித்து, அலசி, சரியான கலவை ஊற்றிவிடுங்கள்.

மூடியும் வால்வும்

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை. அது உள்ளே அழுத்தம் பிடித்து வைக்கிறது. குக்கர் மூடி மாதிரி. அழுத்தம் இருந்தால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. மூடியின் ரப்பர் போய்விட்டால் அந்த அழுத்தம் நிற்காது. மலை மேல் இது இன்னும் மோசம். லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ரப்பர் போன மூடியோடு அங்கே ஏறினால் வண்டி வழியெல்லாம் பொங்கும்.

குக்கர் மூடியை ஆவி போகும் முன் திறப்போமா? ரேடியேட்டர் மூடியும் அப்படித்தான். வண்டியை நிறுத்தி அரை மணி நேரமாவது பொறுங்கள். மேல் ஹோஸ் பக்கம் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். அனல் அடித்தால் இன்னும் பொறுங்கள். பிறகு கெட்டித் துணியைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

வண்டி சூடானால் சில மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அதைச் சம்மதிக்காதீர்கள். என்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராமல் ஓடும். டீசல் அதிகம் குடிக்கும். தேய்மானம் கூடும். சில என்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, முன்னைவிடச் சூடாகும். கெட்டுப் போன வால்வுக்குப் புது வால்வு போட வேண்டும்.

2020-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 லாரிகளில் பலவற்றில் யூரியாக் கரைசலுக்கு என்று தனி டாங்க் இருக்கிறது. புகையைச் சுத்தம் செய்ய அது வேண்டும். அதன் மூடி பெரும்பாலும் நீல நிறம். கூலன்டும் நீல நிறத்தில் வருகிறது. ஒன்றை மற்றொன்றில் ஊற்றிவிட்டால் பெரிய செலவு. டாங்க் மேல் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டியாவது படித்துவிட்டு ஊற்றுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா?

கூலன்ட் இனிக்கும். அதுதான் அதன் ஆபத்து. அது கொடிய விஷம். கொஞ்சம் குடித்தாலும் சிறுநீரகம் கெடும். உயிரே போகலாம். மிச்சக் கூலன்டைத் தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். அதன் கேனிலேயே வைத்து, உயரத்தில் வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைத்துக்கொண்டு நேரத்தை வீணாக்காமல் கேனோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பழைய கூலன்டை ரோட்டோரத்தில் வடித்துவிட்டுப் போகிறார்கள். நாய் நக்கினால் செத்துவிடும். ஆடு மாடு தண்ணீர் குடிக்கிற வாய்க்காலில் அது போய்ச் சேரும். ஒரு பழைய டிரம்மில் பிடித்து, கழிவு ஆயிலோடு கலக்காமல், கழிவை வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள்.

மாமா இரவு வகுப்புக்கு வரத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. லோடு இல்லாத நாட்களில் மட்டும்தான் வர முடிகிறது. போன தை மாதம் கூலன்ட் மாற்றினோம். நான் கேனை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றேன். அதில் இருந்தது ஆங்கில எழுத்து. 50 என்ற எண்ணைக் கண்டுபிடித்தார். பிறகு நான் எழுதிக் கொடுத்திருந்த சீட்டோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்தார். கான்சன்ட்ரேட். "இதுக்குத் தண்ணி கலக்கணும், அம்மிணி" என்றார்.

கலந்து ஊற்றிய பிறகு ஒரு வெள்ளை ஒட்டுத்தாளைக் கிழித்துக் கேபின் கதவின் உள்பக்கம் ஒட்டினார். பேனாவை அழுத்திப் பிடித்து அவரே எழுதினார்:

'கெட்டிக் கூலன்ட். பாதி தண்ணி. பேட்டரி தண்ணி மட்டும். தை 12.'